ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிறுவனம்

தஞ்சாவூர் மாவட்டம் ஆடுதுறையில், காவிரிப் பாசன வயல்களுக்கு நடுவே இயங்கும் நெல் ஆராய்ச்சி மையம். 1922இல் தொடங்கியது, இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆய்வு வயலில் தேறிய ரகங்கள் 'ஏடிடி' என்ற அடையாளமும் எண்ணும் பெற்று வெளிவருகின்றன.

இவற்றுள் பெரும்பேர் பெற்றது ஏடிடி 27. ஜப்பானிய ரகமான நோரின் 10ஐ ஜி.இ.பி. 24 என்ற ரகத்துடன் கலப்பினம் செய்து உருவாக்கி, 1960களில் வெளியிட்டார்கள். சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்ததால் குறுவைப் பருவத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. காவிரி டெல்டாவில் பசுமைப் புரட்சியைப் பற்றிப் பேசும்போது இந்த ரகத்தை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

பின்னர் வந்தவற்றில் ஏடிடி 43 சன்ன ரகம். ஏடிடி 37 குண்டு ரகம். அதன் அரிசி பெரும்பாலும் இட்லிக்குப் போகிறது.