குதிரைகளின் நகரத்தில் சிறு நாய்

டொராண்டோ நகரத்தில் மிருக வைத்தியம் பிறந்தது நாய்களுக்காக அன்று. எடின்பரோவில் கல்வி முடித்து வந்த ஆண்ட்ரூ ஸ்மித் 1862-இல் இங்கே தொடங்கிய பிரசங்க வகுப்புகளே, பின்னர் டெம்பரன்ஸ் தெருவில் ஒன்டாரியோ மிருக வைத்தியக் கல்லூரியாக வளர்ந்தன. அதற்கு முந்திய ஆண்டில்தான் இந்நகரத்தின் வீதிகளில் குதிரை பூட்டிய டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்நாளைய வைத்தியரின் சிரத்தையெல்லாம் குதிரையின் குளம்பிலும் குடலிலும் நிலைத்திருந்ததன் காரணம் விளங்கும். மடியில் வளரும் சிறு நாயின் போஷணை ஒரு சாஸ்திர விஷயமாகவே கருதப்படவில்லை.

1894-இல் கடைசிக் குதிரை டிராமும் நின்றது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின; கல்லூரியும் 1922-இல் குவெல்ஃப் நகருக்கு இடம் பெயர்ந்தது. ஆனால் அதற்கு முந்திய கோடையிலேயே, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வைத்தியக் கட்டடத்தில், பான்டிங், பெஸ்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் கணையம் நீக்கப்பட்ட நாய்களைக் கொண்டு, உடல் தான் உண்ட உணவை எவ்வாறு ஆள்கிறது என்னும் மகத்தான வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாய்களுள் பெரும்பாலானவை எண்களாலேயே குறிக்கப்பட்டன. பெயரோடு நினைக்கப்படுவது மார்ஜரி என்னும் ஒரு பெண் நாய். கணையம் இழந்த பின்னும், கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் சாற்றின் பலத்தால் அது ஏறத்தாழ எழுபது நாள் ஜீவித்திருந்தது. 1922 ஜனவரியில் நீரிழிவுற்ற லியனார்டு தாம்ஸன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்து முதன்முதலில் செலுத்தப்பட்டது. நீரிழிவு நம் குடும்பங்களில் எத்தனை பேரை வாட்டுகிறது என்று அறிந்த தமிழர், அந்தப் பெயரற்ற நாய்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க இயலாது. பருத்த சரீரத்தில் இன்சுலினின் ஆற்றல் மங்கும் என்ற உண்மை மனிதருக்கும் நாய்க்கும் பொதுவானது. நாய்க்கு அளந்து உணவிடுவதை அந்தக் கடனின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

அளவுக்கு ஒரு சூத்திரமும் கிடைத்தது. உடல் பெருகும் விகிதத்தில் உணவுத் தேவை பெருகுவதில்லை என்று மாக்ஸ் கிளைபர் என்னும் விஞ்ஞானி 1932-இல் காட்டிய நெறியை நாய்களுக்குப் பொருத்தினால், ஓய்ந்திருக்கும் 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 900 கலோரியும், 3 கிலோ எடையுள்ள யார்க்‌ஷையர் டெரியருக்குச் சுமார் 160 கலோரியும் வேண்டும். அதாவது கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சிறிய நாயே அதிகம் உண்ண வேண்டியது. ஆகையால்தான் அதன் குட்டி சிறிது நேரம் பட்டினி கிடந்தாலும் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்குகிறது. நாளைக்கு மூன்று நான்கு வேளை சிறிது சிறிதாக ஊட்ட வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய பத்து மாதத்தில் வளர்ச்சி முடிந்துவிட்ட பிறகும் அதே தாராளம் தொடர்ந்தால், மூச்சுக்குழல் நெரியும் இயல்பும் முழங்காற் சில்லு விலகும் இயல்பும் உள்ள இத்தகைய சிறிய இனங்களுக்கு ஒவ்வொரு அவுன்ஸும் பாரமாகிறது. அமெரிக்காவில் லாப்ரடார் நாய்களைப் பிறந்த சில வாரங்களிலிருந்து ஆயுள் முழுதும் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதிகமாக வாழ்ந்தன.

டொராண்டோவைச் சேர்ந்த ஸ்கார்பரோவின் அடுக்குமாடி வீடுகளில், ஜனவரிக் குளிரும் நடைபாதையில் தூவிய உப்பும் சேர்ந்து நாயின் உலாவைச் சில நிமிஷங்களாகச் சுருக்கிவிடும் மாதங்களில், தட்டில் உணவும் அதற்கேற்பக் குறைய வேண்டும்; விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தெரியாமல், விரலால் தடவும்போது தட்டுப்படுகின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பொங்கலன்று பிரியத்தோடு நீட்டும் வடைத் துண்டை மட்டும் அறவே விலக்க வேண்டும்: எண்ணெயின் கலோரி ஒருபுறமிருக்க, அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பது.