ஒன்பதும் தொண்ணூறும்

எண் பயிலும் பிள்ளையொருவன், "தொண்ணூறு என்பதில் நூறு எங்கிருந்து வந்தது?" என்று வினவினால் நம்மிற் பலர் விடை கூறாது விழிப்போம். எட்டுப் பத்து எண்பது; எட்டு நூறு எண்ணூறு. ஒன்பதுக்கு வந்தவுடன் இவ்வொழுங்கு குலைந்துவிடுகிறது. தொண்ணூற்றின் ஈற்றில் நூறு நிற்கிறது. தொகையோ நூற்றிற் பத்துக் குறைவு. தொள்ளாயிரத்தின் ஈற்றில் ஆயிரம் நிற்கிறது. தொகையோ ஆயிரத்தில் நூறு குறைவு. ஒன்பதின் ஈற்றிலும் பத்தைக் குறிக்கும் 'பது' நிற்றலைக் காண்க.

ஒன்பது பத்தோடு புணர்ந்து தொண்ணூறாகும், நூற்றோடு புணர்ந்து தொள்ளாயிரமாகும் எனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விதி வகுத்தார். நன்னூலாரும் அவ்வழியே சென்றார். மாணாக்கர் நெட்டுருப் பண்ணுதற்கு அது போதும். பத்து எங்ஙனம் நூறாகும் என்று கேட்பவனுக்குப் போதாது.

திறவுகோல் தொல்காப்பியத்திலேயே கிடக்கிறது. செய்யுளியலில் 'தொண்டு' என்னும் சொல் ஒன்பது என்ற பொருளில் வருகிறது. பரிபாடலிலும் அது உண்டு. தெலுங்கர் ஒன்பதைத் தொம்மிதி என்பர். கன்னடர் தொண்ணூற்றைத் தொம்பத்து என்பர். ஒன்பது பத்து என்பதே அதன் பொருள். ஆகவே 'தொண்' என்பது ஒன்பதின் பழம் பெயர் எனலாம்.

இதனைக் கொண்டு தேவநேயப் பாவாணர் ஒரு கொள்கை நிறுவினார். முன்னாளில் தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 என வழங்கின. தொண்டு என்ற சொல் மறையவே ஏனையவை ஒவ்வொரு படி கீழிறங்கின. தொண்பது ஒன்பதாயிற்று என்பது அவர் கருத்து. கேட்க இனிய கொள்கைதான். ஆயினும், சந்தையில் நெல்லளந்து விற்றவரும் கடன் கொடுத்தவரும் தம் எண்கள் பத்திலொரு பங்காகச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? மேலும், கன்னடத்தில் ஒம்பத்து 9 ஆகவும் தொம்பத்து 90 ஆகவும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. ஒன்று மற்றதன் சிதைவாயின் இரண்டும் எவ்வாறு நிலைத்தன?

ஒன்று குறைந்த பத்தே ஒன்பது என்பாரும் உளர். என் மனம் அவர்பாற் சாய்கிறது. வடமொழியில் பத்தொன்பதை ஏகோனவிம்சதி, அதாவது ஒன்று குறைந்த இருபது, என்பர். உரோமரும் பத்தின் குறிக்கு இடப்புறம் ஒன்றின் குறியையிட்டே ஒன்பதை எழுதினர். பத்தை நோக்கி ஒன்பதுக்குப் பெயரிட்டவர்கள், அவ்வாறே நூற்றை நோக்கித் தொண்ணூற்றுக்கும் ஆயிரத்தை நோக்கித் தொள்ளாயிரத்துக்கும் பெயரிட்டிருத்தல் கூடும். அவ்விரண்டின் முன்னும் பழைய 'தொண்' மட்டும் ஒட்டிக்கொண்டது. மலையாளத்திலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்றே வழங்குவதால், அம்மொழி தமிழினின்றும் பிரியுமுன்னரே இது நிகழ்ந்திருத்தல் வேண்டும்.