ஊவாப் பாதைகளும் உறவுப் பயணங்களும்

பதுளைக்கு ஏறிய பாதைகளின் வரலாறு, கோப்பியும் தேயிலையும் அவற்றின் வழியே கீழிறங்கிய வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதே பாதைகளில் தமக்கையைக் காணத் தம்பியும், மகளைக் காணத் தாயும் நடந்து சென்ற வரலாறு அத்துணை கவனம் பெறவில்லை எனலாம்.

1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதன் பின்னர் ஆங்கிலேயர் இப்பகுதியிற் பாதைகளை வெட்டியமைக்குப் படை நகர்வே முதற்காரணம். பின்னர் கோப்பித் தோட்டங்களின் தேவை அதனோடு சேர்ந்துகொண்டது. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் பாதை அமைப்பில் ஊக்கம் காட்டியவர்; ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்றும் கூறப்படுபவர். 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் இறந்தார். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த தேவாலயம் இன்றும் உள்ளது. மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அத்தகைய நினைவுக்கல் எதுவும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. ஆயினும் பதுளைக்கு முதல் வண்டி வந்தது 1924இலேயே. இடைப்பட்ட குறுகிய தொலைவைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையிலே நிலையத்தின் கீழாகவே சுரங்கவழி சுற்றிச் செல்லும் பாதையும் இப்பகுதியில் அமைந்தவை. அம்முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதியிலும் பசறை, மடூல்சீமைப் பக்கத்துத் தோட்ட மக்களுக்குக் கோச்சி ஏறுவதென்றால் முதலிற் பண்டாரவளை செல்லும் நெடும்பயணம் என்றே பொருள்.

இவ்வழிகள் யாவும் தோட்டத்தையும் துறைமுகத்தையும் இணைத்தவை. தோட்டத்தையும் தோட்டத்தையும் இணைத்தவை அல்ல. இது மனங்கொள்ளத்தக்கது. நமுனுகுலை மலை 2,036 மீற்றர் உயரமுடையது. அதன் ஒருபுறம் ஸ்பிரிங்வெலி, மறுபுறம் பசறைச் சரிவு. ஒரு லயத்தின் விளக்கு எதிர்மலை லயத்துக்குத் தெரியும். ஆனால் வண்டிப்பாதையோ பள்ளத்தாக்கு முழுவதையும் சுற்றிச் செல்லும். எனவே மக்கள் தேயிலை நிரைகளுக்கிடையே ஏறியும் ஓடைகளைத் தாண்டியும் தமக்கென்று குறுக்குப் பாதைகளை மிதித்து உண்டாக்கிக்கொண்டனர். நில அளவைப் படங்களில் இடம்பெறாத இப்பாதைகளே கல்யாணச் செய்தியும் இழவுச் செய்தியும் சென்ற வழிகளாகும்.

அவற்றுள் தைப்பொங்கற் பயணம் தனித்துக் கூறத்தக்கது. மணமாகி வேறு தோட்டம் சென்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் பொங்கற் சீர் கொண்டுசெல்லுதல் தமிழகத்திலிருந்து உடன்வந்த வழக்கம். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சட் கொத்து, சேலை ஆகியவற்றோடு அண்ணனோ தம்பியோ புறப்படுவர். ஊவாவின் காலநிலையோ இதற்கு ஒத்துழைப்பதில்லை. மலையின் மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று மழை தருவதுபோல், பதுளைப் பகுதிக்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழை தருகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித்தந்த வறண்ட காற்று வீசுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. உறவினரைக் காண மக்கள் புறப்பட்டதோ மார்கழிக் குளிரும் மூடுபனியும் அட்டையும் மண்சரிவும் கூடிய காலத்தில். கம்பளியைத் தலையிற் போர்த்துக்கொண்டு, சீர்க்கூடை நனையாமற் காத்து நடந்தவர்களுக்கு வழுக்கும் பாதை மட்டும் தடையன்று.

தோட்டம் தனியார் சொத்து. பிறர் அங்கு வருவதும் தங்குவதும் துரையின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. வேண்டாதவர் எனக் கருதப்பட்டால், மைத்துனனும் அத்துமீறிப் புகுந்தவன் ஆகலாம். அதற்கு முன்னரே துண்டு முறை இருந்தது. கங்காணியின் கணக்கிலுள்ள கடனைக் குறித்த அத்துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டத்திற் பேர் பதிய இயலாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, தமக்கை வாழும் தோட்டத்துக்கே குடிபெயர விரும்பியவனும் தன் கடனைச் சுமந்தே செல்ல வேண்டியிருந்தது.

கடலுக்கு அப்பாலிருந்த உறவின் நிலை சிறிது வேறுபட்டது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கியபின், பதுளைத் தோட்டத்தவர் பொல்காவலையில் வண்டி மாறித் தலைமன்னார் சென்று சொந்த ஊரை அடைந்தனர். 1948ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தோடு இவ்வழி ஒடுங்கிற்று. அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இற் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னரே, 1974இல், தீர்மானிக்கப்பட்டது. அந்த 1964 டிசெம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை ஓடிற்று.

எண்களாற் பேசிய ஒப்பந்தம் குடும்பங்களை எண்ணவில்லை. பெற்றோர் இந்தியாவுக்கு விண்ணப்பிக்க, மணமான மகன் இலங்கைப் பிரஜையாக எஞ்சிய வீடுகள் பல. திரும்பியோரில் ஒரு பகுதியினர் நீலகிரியிற் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டனர். அங்கும் அதே செடி, அதே குளிர். பசறையில் வாழும் தம்பி கோத்தகிரித் தமக்கைக்குச் சீர் கொண்டுசெல்லக் குறுக்குப் பாதை ஏதுமில்லை, கடிதமே சென்றது. 1983 ஜூலைக் கலவரம் பதுளை நகரையும் எட்டியது. மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒதுங்கியவர்களைப் போர்க்காலத்திற் காணச் செல்வதும் சோதனைச் சாவடிகளைக் கடக்கும் பயணமாயிற்று.

நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. மழைக்காலத்தின் அச்சமோ நீங்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதையுண்டன. இன்று தை பிறக்கும்போது கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் வாடகை வேன்களிற் பசறை, மடூல்சீமைத் தெருக்களில் ஏறுகின்றனர். வேன் செல்ல முடியாத லயங்கள் இன்னும் உள. அவ்விடங்களுக்குத் தெருமுனையில் இறங்கி, சீர்க்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே செல்கின்றனர்.