வீட்டு புரொஜெக்டர்: படக்குழாயிலிருந்து டிஜிட்டலுக்கு

வீட்டுத் திரையில் படக்குழாய் புரொஜெக்டரை டிஜிட்டல் புரொஜெக்டர் வென்றது படத்தின் தரத்தால்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கூற்று நிற்பதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 2000-க்குப் பிந்தைய நான்கைந்து ஆண்டுகளுக்குள் சந்தை டிஜிட்டல் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் இருட்டறையில் ஒரு நல்ல படக்குழாய்க் கருவி காட்டிய கறுப்பை டிஜிட்டல் நெருங்கியது 2007 வாக்கில்தான். முதலில் மாறியது விலையும் வசதியும். படம் பின்னால் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் புரொஜெக்டர்களில் பேர்பெற்றது, அமெரிக்காவின் ஹென்றி க்ளாஸ் தமது அட்வென்ட் நிறுவனத்தின் வழியாக 1972-இல் கொண்டுவந்த வீடியோபீம் 1000. சிவப்பு, பச்சை, நீலம் என நிறத்துக்கு ஒரு குழாய். மூன்றின் ஒளியும் ஏழடித் திரையில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே படமாகும். இதே அடிப்படையில்தான் பின்னாளில் சோனி, பெல்ஜியத்தின் பார்க்கோ, கனடாவின் எலெக்ட்ரோஹோம் ஆகியவற்றின் பெரிய கருவிகளும் இயங்கின. 9 அங்குலக் குழாய் கொண்டவை நூறு கிலோ அளவில் எடையுள்ளவை. விலை பல்லாயிரம் டாலர். கூரையில் தொங்கவிட்டால் மட்டும் போதாது. கட்டம் கட்டமாகக் கோடுகள் உள்ள சோதனைப் படத்தைத் திரையில் போட்டு, மூன்று நிறக் கோடுகளும் ஒரே வெள்ளைக் கோடாகச் சேரும்வரை மூலை மூலையாகத் திருத்த வேண்டும். குழாய்கள் நன்றாகச் சூடேறிய பிறகே இதைத் தொடங்க முடியும். முடிக்கப் பல மணி நேரமாகும். சில மாதங்களில் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிதுங்கத் தொடங்கினால் மறுபடியும் அதே வேலை.

இந்தச் சுமையை இறக்கிவைத்ததுதான் டிஜிட்டலின் உண்மையான வெற்றி. ஷார்ப் 1989-இல் எல்சிடி புரொஜெக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லு, டிஎல்பி என்ற பெயரில் 1996-இல் விற்பனைக்கான கருவிகளில் ஏறியது. அதே காலத்தில் பிலிப்ஸ் உருவாக்கிய சிறிய, பிரகாசமான பாதரச விளக்கும் டிவிடியும் கைகொடுத்தன. 2002, 2003-இல் பேனசோனிக், சான்யோ போன்றவை சில ஆயிரம் டாலருக்குத் தந்த கருவியை மேசையில் வைத்து, கம்பியைச் செருகி, ஃபோகஸைத் திருகினால் அன்றிரவே படம் பார்க்கலாம்.

இழந்தது கறுப்பு. படக்குழாயில் இருண்ட இடத்துக்கு எலெக்ட்ரான் கற்றை அணைந்துவிடும். அங்கே ஒளியே பிறப்பதில்லை. எல்சிடியிலும் டிஎல்பியிலும் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒளியைத் தடுத்தோ திருப்பியோதான் இருட்டை உண்டாக்க வேண்டும். கொஞ்சம் கசிந்தே தீரும். அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் வரும் பட்டைகள் கறுப்பாக இல்லாமல் சாம்பலாக ஒளிர்ந்தன. இரவுக் காட்சியில் ஆழம் போயிற்று. ஆரம்பகால எல்சிடி படத்தில் பிக்சல்களுக்கு இடைப்பட்ட கோடுகள் கொசுவலை வழியே பார்ப்பதுபோல் தெரிந்தன. ஒற்றைச் சில்லு டிஎல்பியில், சுழலும் நிறச்சக்கரத்தால் சிலர் கண்ணுக்கு வானவில் கீற்றுகள் தட்டின.

டிஜிட்டல் வென்றது தரத்தால் அல்ல என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெளிச்சமும் படத்தின் தரம்தானே? படக்குழாய் முழு வெள்ளைத் திரையில் சில நூறு லூமென்தான் தரும். திரையைப் பெரிதாக்கினால் மங்கிவிடும். கறுப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டமாக ஒரே நேரத்தில் நிற்கும் படத்தில், ஒளி குழாயின் கண்ணாடிக்குள்ளேயே சிதறுவதால் டிஎல்பிதான் முந்தும். இரண்டும் உண்மை. விளக்கு எரியும் கூடத்தில் பார்ப்பவருக்கு டிஜிட்டல் அன்றே மேலானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுத் திரையரங்கு என்ற ஏற்பாடே இருட்டறைக்காகத்தான். சினிமாவில் இருண்ட காட்சிகள் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே கறுப்பு சாம்பலானால் எவ்வளவு லூமென் இருந்தும் பயனில்லை. படக்குழாயை விரும்பியவர்களுக்குப் பழமைமீது பற்று என்ற குற்றச்சாட்டும் பொருந்தாது. அவர்கள் சுட்டிக்காட்டிய குறையைத் தீர்க்கத்தான் டிஜிட்டல் பொறியாளர்கள் அடுத்த சில ஆண்டுகளைச் செலவிட்டார்கள். டிஎல்பி கண்ணாடிகளின் சாய்வு 10 பாகையிலிருந்து 12 ஆனது. காட்சிக்கேற்பச் சுருங்கி விரியும் ஒளித்துளை வந்தது. 9 அங்குலப் படக்குழாய்க் கருவிகளுக்குப் பேர்போன சோனியே 2003-இல் குவாலியா 004 என்ற 1080 வரி டிஜிட்டல் கருவியை அறிவித்தது. 2007-இல் வந்த ஜேவிசியின் ஆர்எஸ்1, விளக்கையோ ஒளித்துளையையோ காட்சிக்குக் காட்சி மாற்றும் உத்தி இல்லாமலே 15,000-க்கு 1 என்ற கான்ட்ராஸ்டைத் தருவதாக அறிவிக்கப்பட்டது. படக்குழாயை விட்டு மாறத் தரத்தின் பேரால் ஒரு நியாயம் கிடைத்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகும் படக்குழாயைக் கைவிடாதவர்களுக்கு வழியை அடைத்தது ஒளியியல் அல்ல, உரிம ஒப்பந்தம். படக்குழாய்க் கருவிகள் பெரும்பாலும் அனலாக் இணைப்பில்தான் படத்தைப் பெற்றன. ப்ளூ-ரேயின் நகல் தடுப்பு விதிகளின்படியோ 2010-க்குப் பின் தயாரான பிளேயர்கள் அனலாக் வழியே உயர்தெளிவுப் படத்தைத் தரக்கூடாது. 2013-க்குப் பின் தயாரானவற்றில் அனலாக் பட வெளியீடே கிடையாது.