பதினான்கு சட்டைகள்

மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒருமுறை ஒரு சொல் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ‘ஜர்னிமேன்’ என்பது அச்சொல். ‘ஜர்னி’ என்றால் பயணம்; ஆகவே ‘பயணி’ என்று சிலரும் ‘நாடோடி’ என்று சிலரும் எழுதியிருந்தார்கள். அகராதி வேறு கதை சொன்னது. பிரெஞ்சு மொழியில் ஒரு நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. இடைக்கால ஐரோப்பாவின் தொழிற்குழுக்களில் பயிற்சியை முடித்துவிட்டு, சொந்தப் பட்டறை வைக்கும் ஆசான் நிலையை எட்டாமல், பிறர் பட்டறையில் நாட்கணக்கில் கூலிக்கு உழைத்த கைவினைஞனே ஜர்னிமேன். தொழில் அறிந்தவன், பட்டறை இல்லாதவன்.

அமெரிக்க பேஸ்பால் உலகம் இச்சொல்லை அணிவிட்டு அணி மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு வழங்கிவருகிறது. எடுத்துக்காட்டு தேடியபோது எட்வின் ஜாக்சன் என்ற பந்தெறிவாளரின் வாழ்க்கை அகப்பட்டது. 2003 முதல் 2019 வரை 17 பருவங்களில் 14 அணிகளின் சட்டையை அணிந்தவர் அவர். மேஜர் லீக்கில் மொத்தம் இருப்பதே 30 அணிகள்தாம்.

கிரிக்கெட் மட்டுமே அறிந்த வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பேஸ்பாலில் பந்தெறிவாளர் ஓடிவந்து வீசுவதில்லை. ஒரு சிறு மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள மட்டையாளரை நோக்கித் தரையில் படாமல் எறிகிறார். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஓர் அணியை வீழ்த்த 27 பேரை ஆட்டமிழக்கச் செய்யவேண்டும். ஏறத்தாழ நூறு பந்துகள் எறிந்ததும் தோள் தளர்ந்துவிடும் என்பது இக்காலக் கணக்கு.

ஜாக்சன் 1983 செப்டம்பர் 9 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் நியூ உல்ம் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்தவர். பிறப்பிலேயே இடமாற்றம் எழுதப்பட்டிருந்தது எனலாம். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வளர்ந்தவரை 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. தம் 20ஆவது பிறந்தநாளன்று முதன்முறையாகப் பெரிய களத்தில் இறங்கினார். எதிரணிக்காக எறிந்தவர் ஐந்து முறை சை யங் விருது பெற்ற ராண்டி ஜான்சன். வென்றவர் ஜாக்சன். அன்று அவ்வாட்டத்தைக் கண்டவர்கள் எவரும் இவர் நாட்கூலியாக அலைவார் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

2006 ஜனவரியில் டாம்பா பேக்கு அனுப்பப்பட்டார். 2007இல் 5 வெற்றி, 15 தோல்வி. மறு ஆண்டு 14 வெற்றிகள். அணியும் உலகத் தொடர் வரை சென்றது. அந்த டிசம்பரிலேயே டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். 2009இல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த டிசம்பரில் மீண்டும் மாற்றம், அரிசோனாவுக்கு. நன்றாக எறிந்தால் விலை ஏறும். விலை ஏறினால் விற்பார்கள். இதுவே அவரது வாழ்க்கையின் இலக்கணமாயிற்று.

2010 ஜூன் 25 அன்று, தாம் முன்பு ஆடிய டாம்பா பே அணிக்கு எதிராகவே, ஒரு ‘ஹிட்’கூட வழங்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். அழகான ஆட்டம் அன்று அது. முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு பேரைக் குறிதவறிய பந்துகளால் இலவசமாகத் தளம் சேர்த்தார்; மொத்தம் எட்டுப் பேர். எறிந்த பந்துகள் 149. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. தடுமாறித் தடுமாறி, ஆனால் விழாமல் கரையேறிய அந்த இரவு அவரது முழு வாழ்க்கைக்கும் உருவகமாகத் தோன்றுகிறது. ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 30 அன்று, அரிசோனா அவரை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு இளைஞர்களைப் பெற்றுக்கொண்டது.

உச்சம் 2011 ஜூலை 27. அன்று சிகாகோ அவரை டொரன்டோவுக்குக் கொடுத்தது. அதே நாளில் டொரன்டோ அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் கொடுத்தது. காலையில் ஓர் அணி, இடையில் ஓர் அணி, முடிவில் மற்றோர் அணி. இதைப் பண்டமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இங்கே வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1969இல் இதே செயின்ட் லூயிஸ் அணி தன் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட்டை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். மனிதன் உடைமைப் பொருள் அல்லன் என்பது அவர் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று 1972இல் 5-3 என்ற கணக்கில் தோற்றது. ஃபிளட்டின் ஆட்ட வாழ்க்கையும் அதனோடு முடிந்தது. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி முடியவில்லை. 1973இன் தொழிலாளர் ஒப்பந்தம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: பத்தாண்டுகள் மேஜர் லீக்கில் ஆடி, கடைசி ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது. 1975இல் மெஸ்ஸர்ஸ்மித், மெக்நேலி என்ற இரு பந்தெறிவாளர்களின் வழக்கில் வந்த நடுவர் தீர்ப்பு, ஆட்டக்காரர் தம் அணியைத் தாமே தேர்ந்துகொள்ளும் வழியைத் திறந்தது.

நல்ல விதிதான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் முரணைக் கவனியுங்கள். ஓரிடத்தில் ஐந்தாண்டு நிலைத்தவனுக்கே ‘போகமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை. நிலைக்கவே விடப்படாதவனுக்கு அது எப்போதும் கிட்டாது. ஜாக்சன் 17 பருவங்கள் ஆடினார். எந்த அணியிலும் மூன்று பருவங்களுக்கு மேல் நீடித்ததில்லை. மாற்றத்தால் மிகுதியும் அலைக்கழிக்கப்பட்டவர், மாற்றத்திலிருந்து காக்கும் விதிக்கு வெளியிலேயே நின்றார்.

அவர்மீது இரக்கப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2011 உலகத் தொடரை கார்டினல்ஸ் வென்றபோது அவ்வணியில் இருந்தார். 2013இல் சிகாகோ கப்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் தந்தது. இம்முறை அது அவரே கையெழுத்திட்டுத் தேர்ந்த இடம். முதல் முறையாகப் பட்டறை கிடைத்தது. அங்கேதான் கை தவறியது. அவ்வாண்டு 18 தோல்விகள். 2015இல் விடுவித்துவிட்டார்கள். 1908க்குப் பின் கப்ஸ் முதன்முறையாகப் பட்டம் வென்ற 2016இல், அவர்களிடம் சம்பளம் பெற்றுக்கொண்டே மயாமிக்கும் சான் டியேகோவுக்கும் எறிந்துகொண்டிருந்தார். அதன்பின் பால்டிமோர், வாஷிங்டன், ஓக்லண்ட். 2019 மே மாதம் 14ஆவது அணியின் சட்டையை அணிந்தார். அது டொரன்டோ. எட்டு ஆண்டுகளுக்கு முன் சில மணி நேரமே அவரை வைத்திருந்து கைமாற்றிய அதே அணி.

14 என்பது சாதனை. அதற்கு முந்தைய சாதனை, 13 அணிகள், டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஆக்டாவியோ டோடெலுடையது. 2011 ஜூலை 27 அன்று ஜாக்சனோடு அதே பண்டமாற்றில் செயின்ட் லூயிஸ் சென்றவர் அவர். இரு நாட்கூலிகள் ஒரே மூட்டையில் அனுப்பப்பட்டு, ஒரே பட்டத்தை வென்றார்கள். டோடெல் 2025 ஏப்ரலில் சான்டோ டொமிங்கோவில் ஒரு கேளிக்கை விடுதியின் கூரை இடிந்த பெருவிபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலையில் 45 வயது ரிச் ஹில் தம் 14ஆவது அணிக்கு ஆடி ஜாக்சனின் சாதனையைச் சமன் செய்தார்.

ஜாக்சன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரது மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. தோல்வியே அதிகம். ஆனால் 133 முறை தோற்பதற்கு அதற்கு முன் 133 முறை யாரோ நம்பிப் பந்தைக் கையில் கொடுத்திருக்கவேண்டும். எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். எவருக்கும் நெடுநாள் தேவைப்படவில்லை.

வகுப்பில் கடைசியாக ஒரு மாணவி ‘ஜர்னிமேன்’ என்பதற்கு ‘ஊர்தோறும் உழைப்பவர்’ என்று எழுதினாள். அகராதிப்படி முழுமதிப்பெண் கொடுக்க இயலாது. நான் கொடுத்தேன்.