யோம்: ஒளியின் பெயரும் எண்ணின் அலகும்

ஆதியாகமத்தின் படைப்பு நாள்களை ஊழிகளாக நீட்ட விரும்புவோர், எபிரேயத்தில் நாளைக் குறிக்கும் ‘யோம்’ என்னும் சொல்லின் வேரிலேயே நெடுங்காலம் என்னும் பொருள் உறைந்திருப்பதாக எழுதிவருவது சொல்லாராய்ச்சி ஆகாது. 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட விவிலியச் சொல்லடைவு, வெம்மைப் பொருளுடைய, வழக்கிறந்த வேர் ஒன்றை இதற்குக் காட்டியதும் இவ்வகையினதே. யாரும் ஆளாத வேர் எதற்கும் சான்றாகாது. அக்காடியத்தில் ‘ஊமு’, அரபியில் ‘யவ்ம்’, அரமேயத்தில் ‘யோமா’ என இனமொழிகளிலும் இது நாள் என்றே நிற்கிறது.

பொருள் துணியப்படும் இடம் முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனம். அங்கே ஒளிக்கு இடப்பட்ட பெயரும் யோம். மாலையும் காலையும் கூடி நிறைந்த அலகும் யோம். தமிழ் விவிலியம் முன்னதைப் பகல் என்றும் பின்னதை நாள் என்றும் பெயர்த்ததால், மூலத்தில் ஒரே சொல் இருமுறை வந்தது தமிழ் வாசகருக்குப் புலப்படுவதில்லை. நாள் என்பதற்கே பகற்பொழுது என்னும் பொருள் உண்டென்பதற்கு, அல்லங்காடிக்கு மறுதலையாக வழங்கிய நாளங்காடி சான்று. பகல் என்பதோ பகுத்தலின் அடியாகப் பிறந்தது. வள்ளுவர் இகல் அதிகாரத்தில் அதனைப் பிரிவு என்னும் பொருளிலேயே ஆள்கிறார். ஒளியும் இருளும் பிரிக்கப்பட்டதைக் கூறும் வசனத்தை அடுத்து இச்சொல் வந்து அமைந்தது, மொழிபெயர்ப்பாளர் நினையாமலே வாய்த்த பொருத்தம்.

மூலத்தில் அவ்வசனம் முடிவது ‘யோம் எஹாத்’ என்று. அதாவது முதலாம் நாள் என்றன்று, ஒரு நாள் என்று. வரிசையெண் இரண்டாம் நாளிலிருந்தே தொடங்குகிறது. பகலும் இரவும் கூடிய அளவை வரையறுக்கவே ‘ஒரு’ என்றது என்று நான்காம் நூற்றாண்டில் திருச்சபைத் தந்தை பேசில் கொண்ட உரை ஏற்கத்தக்கதே. ஆயினும் அந்த அளவைக் கதிரவனைக் கொண்டு கணக்கிட வழியில்லை. கதிரவன் தோன்றுவது நான்காம் நாளில். மாலையைக் குறிக்கும் ‘எரெவ்’ என்னும் சொல்லோ ஞாயிறு அடைதலைக் குறித்த வேரினது, மேற்கைக் குறிக்கும் அரபிச் சொல்லான ‘கர்ப்’ என்பதற்கு உறவு. இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே அகுஸ்தீன், படைப்பு ஒருங்கே நிகழ்ந்தது என்றும் ஆறு நாள்கள் கால அளவல்ல என்றும் கொண்டார். இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனம் படைப்பு முழுவதையும் ஒரே யோமில் அடக்குவது கொண்டு அதனை ஊழி என்பாரும் உளர். அது ‘அப்பொழுது’ என்னும் வழக்கேயன்றி வேறன்று.

யோம் நாளே, ஊழி அன்று. ஆனால் அது முதலில் ஒளியின் பெயர், பிறகே எண்ணின் அலகு. ஏழாம் நாளுக்கு மாலையும் காலையும் கூறப்படவில்லை. அதனையும் நூல் யோம் என்றே அழைக்கிறது.