கொத்தும் முத்திரையும்: இலங்கையின் உணவு மானிய வரலாறு (1942–1982)

அரசு ஏழைக் குடும்பத்திற்கு உணவுதவி வழங்குங்கால் அதனைத் தானியமாக அளந்து வழங்குகின்றதா, பணமாக எண்ணி வழங்குகின்றதா என்னும் வினா மேற்போக்காக நோக்குவார்க்குச் சிறியதாகவே தோன்றும். இலங்கையின் நாற்பதாண்டு வரலாற்றை நிரல்பட ஆராயின் அஃது அத்துணைச் சிறிய வினா அன்று என்பது புலனாகும். யார்க்கு வழங்குவது என்பது பற்றியே அந்நாட்டில் வாதம் மிகுதியாக நிகழ்ந்தது. எவ்வடிவில் வழங்குவது என்பது அதனினும் குறையாத விளைவைத் தந்தது எனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லொன்றை நோக்குவோம். இலங்கைத் தமிழர் வழக்கில் 'கொத்து' என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல் அரிசி கொள்ளும் முகத்தலளவை. தமிழகத்தே உழவுத் தொழிலாளர்க்குத் தானியமாக அளக்கும் கூலியும் கொத்து எனப்படும். இருவழக்கிலும் ஒரு கருத்து பொதுவாக நிற்கின்றது. கொத்தாகப் பெறுவோன் சந்தை விலை ஏறினும் இறங்கினும் அதே அளவு தானியத்தைப் பெறுவான். விலையேற்றத்தின் சுமையைத் தாங்குபவர் அளப்பவரே. இவ்வியல்பை மனத்திற்கொண்டு வரலாற்றுட் புகுவோம்.

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வரும் அரிசியை நம்பியிருந்த இலங்கை பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது. செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் பங்கீட்டு அட்டை வழங்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் இம்முறை நீக்கப்படவில்லை. இறக்குமதி விலைக்கும் கூப்பன் கடை விலைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை அரசே ஏற்றது. போர்க்காலத்து ஏற்பாடு இவ்வாறு நிலைத்த மானியமாக மாறியது.

1953இல் அரசு இச்சுமையைக் குறைக்க முற்பட்டது. டட்லி சேனநாயக்கா தலைமை அமைச்சராகவும் ஜே. ஆர். ஜெயவர்த்தனா நிதியமைச்சராகவும் இருந்த காலம் அது. கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. பள்ளிச் சிறுவர்க்கு அளித்த உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஆகத்து 12ஆம் நாள் நாடெங்கும் அர்த்தால் நிகழ்ந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. உயிரிழப்பும் நேர்ந்தது. அக்தோபரில் தலைமை அமைச்சர் பதவி துறந்தார். பின்னர் விலையும் குறைக்கப்பட்டது.

அதன்பின் கொத்து அரசியலின் அளவுகோலாகவே ஆயிற்று. 1966 இறுதியில், மீண்டும் பதவிக்கு வந்திருந்த டட்லி சேனநாயக்கா, கிழமைக்கு இரு கொத்து என்றிருந்ததை ஒரு கொத்தாகக் குறைத்து அதனை விலையின்றி வழங்கினார். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா இரண்டாம் கொத்தை மீட்பதாக உறுதியளித்து வென்றார். ஆயின் 1973இல் உலகத் தானிய விலை பெருக ஏறியபோது அவ்வரசே இலவசப் பங்கைக் குறைக்க நேர்ந்தது. 1974இல் நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தது. அவ்வுயர்வு மலையகத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்பட்டது. சிற்றூர் உழவனுக்கு வயல் உண்டு. அல்லது அறுவடைக் கூலியேனும் உண்டு. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்க்குக் கூப்பன் அரிசியும் கடை மாவுமே உணவு. பங்கு குறைந்து விலையும் ஏறியவிடத்து அவர்க்கு வேறு புகல் இல்லை.

1953இல் விலையை உயர்த்திய நிதியமைச்சரே 1978இல் சனாதிபதியாக விளங்கினார். அவரது அரசு இருபடிகளாக மாற்றம் செய்தது. 1978 சனவரியில் பங்கீடு திங்கள் வருவாய் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. மக்களுள் ஏறத்தாழச் செம்பாதியினர் பட்டியலினின்று நீங்கினர். 1979 செப்தெம்பரில் கொத்து முற்றிலும் ஒழிந்து உணவு முத்திரை வந்தது. எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் திங்களுக்கு 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோர்க்கு 15 ரூபா என முத்திரைகள் வழங்கப்பட்டன. குழந்தைக்குக் கூடுதலாக வழங்கியது போற்றத்தக்கதே.

இவ்விரு படிகளையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். முதற்படி, பெறுவோர் தொகையைச் சுருக்கியது. இரண்டாம் படி, பெறும் பொருளின் இயல்பை மாற்றியது. முத்திரையிற் பொறித்த எண் மாறவில்லை. விலைகளோ விரைந்து ஏறின. 1982 அளவில் முத்திரையின் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. மத்திய வங்கியின் நுகர்வு ஆய்வுகளை ஒப்பிட்ட அறிஞர், 1978–79க்கும் 1981–82க்கும் இடையே மக்களுள் மிக வறிய ஐந்திலொரு பங்கினரின் உணவாற்றல் குறைந்ததைக் காட்டியுள்ளனர். வருவாய் வரம்பும் தன் குறையை வெளிப்படுத்தியது. கைத்தொழிலும் சிறு வாணிகமும் செய்வோர் கூறிய வருவாயைச் சரிபார்க்க வழியில்லை. தோட்டத் தொழிலாளரின் கூலியோ தோட்டப் பதிவேட்டிலேயே இருந்தது. எனவே தோட்டப்புறத்தில் முத்திரை பெற்றோர் விகிதம் ஏனைய இடங்களினும் குறைவாயிற்று.

மறுபக்கத்தையும் கூறுதல் நடுநிலையாகும். அனைவர்க்கும் அளந்த கொத்து வசதியுள்ளார் வீட்டிற்கும் சென்றது. எழுபதுகளின் நடுவில் உணவு மானியம் நாட்டு வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கை உட்கொண்டது. இறக்குமதி விலையேற்றம் முழுவதும் கருவூலத்தின்மேல் வீழ்ந்தமையால், 1973இற் கண்டவாறு, அரசு கையொடுங்கிய வேளையில் கொத்தும் குறைந்தது. ஆதலின் கொத்து ஏழையை எஞ்ஞான்றும் காத்தது என்பார் கூற்று வரலாற்றோடு பொருந்தாது. எனினும் வசதியுள்ளாரை நீக்குதற்கு 1978ஆம் ஆண்டின் வரையறையே போதுமானதாக இருந்தது. எஞ்சிய பாதியினர்க்குக் கொத்தை விடுத்து மாறாத பணத்தொகையை வழங்கவேண்டும் என்பது அதனாற் பெறப்படாது. முத்திரையே வேண்டும் எனினும், அதனை அரிசி விலையோடு பிணைத்திருத்தல் கூடும்; அது செய்யப்படவில்லை.

இவற்றால் பெறப்படுவது யாது? 1953இல் விலை ஒரே நாளில் ஏறியது, அதனை அனைவரும் கண்டனர், அரசு ஆட்டங்கண்டது. 1979க்குப் பின் முத்திரை சிறிது சிறிதாகத் தேய்ந்தது. அரிசியை முன்னிட்டு நாடு அவ்வாறு திரண்டெழவில்லை. எந்த நாளில் எந்த ஆணையால் தம் உணவு குறைந்தது எனச் சுட்டிக்காட்ட அம்மக்களுக்கு ஒரு நாளும் இல்லை, ஓர் ஆணையும் இல்லை. குறைப்பதற்குப் புதிய சட்டம் வேண்டப்படவே இல்லை. சட்டத்தை இருந்தவாறே விடுதல் போதுமானதாயிற்று. உணவு மானியச் சட்டங்களை ஆராயப் புகுவோர் அவை அளிப்பதாகக் கூறும் தொகையை மட்டும் நோக்காது, விலை ஏறுங்கால் அச்சுமை யார்மேல் வீழுமாறு அவை இயற்றப்பட்டுள்ளன என்பதையும் நோக்கல் வேண்டும் என்பது எம் துணிபு.